பிபி 120/80, மூச்சு 32

கேஷுவால்டியிலிருந்து சீனியருக்குப் போன் செய்யும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) பெரும்பாலும் முதலில் சொல்வது பிபியைத்தான். "சார், 120/80 இருக்கு. ஸ்டேபிளா இருக்காரு." எண் சரியாகவே இருக்கலாம். அதை மட்டும் வைத்து "ஸ்டேபிள்" என்று முடிவு கட்டுவதில்தான் ஆபத்து. உடல் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பது இரத்த அழுத்தத்தை. 70 கிலோ எடையுள்ளவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட, படுத்திருக்கும் நோயாளியின் மேல் பிபி (120/80-இல் 120) இறங்காமல் இருக்கக்கூடும். அந்த நேரம் முழுக்க இதயம் வேகமாக அடிக்கிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, மூச்சு கூடுகிறது, சிறுநீர் குறைகிறது. இவை எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரியும். பிபி மெஷினுக்குத் தெரியாது.

பிபி 70-க்கு இறங்கிக் கண் சொருகிக் கிடப்பவரை வாசலில் நிற்கும் செக்யூரிட்டியே ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே தள்ளிவிடுவார். வருபவர்களை அவசரத்தின்படி பிரிக்கும் ட்ரையாஜ் நர்ஸும் ஹவுஸ் சர்ஜனும் தேட வேண்டியது, அதே நிலைக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போகப்போகிறவரை. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவருடைய பிபி சீட்டில் அழகாக இருக்கும்.

பெயரைக் கேட்கும்போதே

"உங்க பேர் என்னங்க? என்ன பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே நோயாளியின் கையைப் பிடியுங்கள். தெளிவாக, முழு வாக்கியத்தில் பதில் வந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, பேசும் அளவுக்குக் காற்று இருக்கிறது, மூளைக்கு இரத்தம் போகிறது. மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால், அதற்குமேல் கதை கேட்காதீர்கள்; உள்ளே அழைத்துப் போய்விட்டு மீதியைக் கேளுங்கள். கையைப் பிடித்த அந்த நேரத்தில் சூடா குளிரா, காய்ந்திருக்கிறதா ஈரமா, நாடி பலமாக இருக்கிறதா நூல்போல ஓடுகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஏசி இல்லாத கேஷுவால்டியில், மே மாத மதியத்தில், ஒருவருடைய கை மட்டும் சில்லென்று வேர்த்திருந்தால் அதற்குக் காரணம் தெரியாமல் அவரை வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் தன் மூச்சைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போது கிறீச்சென்று சத்தம் வருபவரை எக்ஸ்ரேக்காகவோ இசிஜிக்காகவோ மல்லாக்கப் படுக்க வைத்தால் அந்த நொடியே மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளலாம். அவர் உட்கார்ந்தபடியே இருக்கட்டும். மயக்கமருந்து மருத்துவரையும் ஈஎன்டி மருத்துவரையும் அவர் இருக்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.

"எனக்கு என்னமோ பண்ணுது டாக்டர், சொல்லத் தெரியல" என்று ஒரு நடுவயதுக்காரர் பயந்த முகத்தோடு சொன்னால் அதை ஒரு அறிகுறியாகவே சீட்டில் எழுதுங்கள். மாரடைப்பு, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு, கடுமையான ஒவ்வாமை மூன்றிலும் எந்த எண்ணும் மாறுவதற்கு முன்பே இந்தப் பேச்சு வரலாம். அதேபோல "நேத்து வரைக்கும் இவரு இப்படி இல்லைங்க" என்று மனைவியோ மகளோ சொல்வதும். அவர் பழைய நிலையில் எப்படி இருந்தார் என்று அந்த அறையில் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எண்ணாத எண்

ட்ரையாஜ் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 18, 20, 18, 20 என்று வரிசையாக இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது. இதற்கு மட்டும் ஒருவர் நின்று எண்ண வேண்டும். கூட்டமான இரவில் அது நடப்பதில்லை. ஆனால் ஒருவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த எண்தான். மானிட்டரில் மார்பு ஒட்டிகள் வழியாக வரும் மூச்சு எண்ணையும் நம்ப வேண்டாம். நோயாளி பேசினாலும் அசைந்தாலும் அது தப்பாகக் காட்டும்.

எண்ணும் முறை இது. மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல விரலை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். போர்வையையோ சட்டையையோ விலக்கி, வயிறும் விலாவும் சேரும் இடத்தைப் பாருங்கள். முழுதாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு மாறிவிடும். 12 முதல் 20 வரை சாதாரணம். 20-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால், மற்ற எல்லா எண்ணும் நன்றாக இருந்தாலும் பெரிய மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்ற, நோயாளி மோசமாவதை அளக்கும் மதிப்பெண் முறையிலும் 25-உம் அதற்கு மேலும் போகும் மூச்சுக்கு அந்த வரிசையின் உச்ச மதிப்பெண்ணான 3.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மூச்சு 32, ஆக்ஸிஜன் 99, நுரையீரலில் சத்தம் எதுவும் இல்லை. "பயத்துல வேகமா மூச்சு விடுறாங்க" என்று எழுதிவிடுவார்கள், இளம்பெண் என்றால் இன்னும் சீக்கிரமாக எழுதிவிடுவார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்து மூச்சு மட்டும் ஆழமாகவும் வேகமாகவும் போனால், உடலில் சேர்ந்த அமிலத்தை அது மூச்சு வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை நோயின் கீட்டோ அமிலத்தன்மை, சிறுநீரகச் செயலிழப்பு, இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, மெத்தனால் கலந்த சாராயம் எல்லாம் இப்படித்தான் வரும். 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயத்தால் அத்தனை பேர் இறந்த பிறகு, "கண்ணு மங்கலா தெரியுது, வயித்த வலிக்குது" என்று மூச்சு வாங்கிக்கொண்டு வருபவரை இங்கே யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை, இரத்த வாயு, இசிஜி மூன்றையும் பார்க்காமல் பயம் என்று எழுதக் கூடாது. காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வது எந்த நிலையிலும் வேண்டாம். சர்க்கரைக்காக எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோ அமிலத்தன்மை வரலாம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். குளுக்கோமீட்டரைப் பார்த்துவிட்டு அதை ஒதுக்கிவிடாதீர்கள். கீட்டோனைத் தனியாகப் பாருங்கள்.

மூச்சு குறைவது எப்போதும் நல்ல செய்தி இல்லை. ஆஸ்துமாவில் 36-ஆக இருந்த மூச்சு, ஒரு மணி நேரம் கழித்து 18 ஆகி, நோயாளி அமைதியாகக் கண்ணை மூடினால் அவர் குணமாகவில்லை, களைத்துவிட்டார். ஸ்டெதாஸ்கோப்பில் இழுப்புச் சத்தம் நின்றுபோயிருந்தால் சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்று பொருள். ஆஸ்துமாக்காரருக்கு இரத்த வாயுவில் கார்பன் டை ஆக்ஸைடு ஆரம்பத்தில் 40-க்குக் கீழேதான் இருக்க வேண்டும். கடும் மூச்சுத்திணறலில் அது 40 என்று "நார்மலாக" வந்தால், வென்டிலேட்டரைத் தயார் செய்யுங்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் வரம்புகளும் கையோடு தெரிந்திருக்க வேண்டும். அலைக்கோடு சீராக இல்லாவிட்டால் அந்த எண் எண்ணே இல்லை. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கறுப்பு மெஹந்தி எல்லாம் அளவைக் கெடுக்கும். கறுத்த தோலில் உண்மையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பது நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஆகவே 92, 93 என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவருக்கு கார்பன் மோனாக்ஸைடு ஏறியிருந்தாலும் மெஷின் 99 காட்டும். இதற்கு நேர்மாறான ஒன்று, பூ நன்றாகப் பிடிப்பதற்காகத் தெளிக்கும் நைட்ரோபென்சீன் மருந்தைக் குடித்தவர்: ஆக்ஸிஜனை எவ்வளவு திறந்தாலும் அளவு 85 பக்கத்திலேயே நிற்கும், ஊசியில் எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். இதற்கு மெத்திலீன் புளூ, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நரம்பு வழியாக. கடைசியாக, நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்ஸிஜனில் வரும் 95-ஐயும் வெளிக்காற்றில் வரும் 95-ஐயும் சீட்டில் ஒரே மாதிரி எழுதாதீர்கள். எத்தனை லிட்டரில் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

கை, முட்டி, நாடி

இரத்த ஓட்டத்தைப் பார்க்க விரல் நுனி போதும். கையை இதய மட்டத்துக்கு உயர்த்தி, நகத்தின் மேல் 5 நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 3 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். கை வெளியிலிருந்தே குளிர்ந்து வந்திருந்தால் நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள். பிறகு வேட்டியையோ புடவையையோ முட்டிக்கு மேலே நகர்த்துங்கள். முட்டியைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக, வலைப்பின்னல்போல நிறம் மாறியிருந்தால் அது கெட்ட அறிகுறி. நம் தோல் நிறத்தில் வெளிறலும் நீலம் பாய்தலும் முகத்தில் சரியாகத் தெரியாது. நாக்கு, உள்ளங்கை, கீழ் இமையின் உட்புறம் பாருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கிருமித்தொற்றின் தொடக்கத்தில் கை கதகதப்பாகவே இருக்கும், நிறமும் உடனே திரும்பும். அங்கே கீழ் பிபி காட்டிக்கொடுக்கும். 104/44 என்ற அளவில் மேலே உள்ள எண்ணை மட்டும் படித்தால் தப்பிப்போகும். இதற்கு எதிர்த்திசையில் டெங்கு. 100/80 என்றால் மேல் பிபி 100 இருக்கிறதே என்று தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் அவர் ஏற்கெனவே ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலையில், இருக்கிறார். டெங்குவில் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது காய்ச்சல் விடும் நேரத்தில்தான், பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா ரொம்ப அசதியா இருக்கான், வாந்தி நிக்கல, வயிறு வலிக்குதுங்கிறான்" என்று அம்மா சொன்னால் அந்தப் பையனைக் காத்திருக்கலாம் என்பவர்களின் பச்சை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாடியையும் மேல் பிபியையும் தனித்தனியாகப் படிக்காமல் ஒன்றால் மற்றதை வகுத்துப் பாருங்கள். நாடி 112, பிபி 108. இரண்டுமே பார்க்க அவ்வளவு மோசமில்லை. வகுத்தால் 1-ஐத் தாண்டுகிறது. நலமாக இருப்பவருக்கு இது 0.5-இலிருந்து 0.7 வரை. 0.9-க்கு மேல் போனாலே எங்கே இரத்தம் போகிறது, எங்கே நீர் போகிறது என்று தேட வேண்டும். விபத்தில் வந்தவருக்குத் தரையில் சிந்திய இரத்தத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு தொடை எலும்பு முறிவே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே வாங்கிக்கொள்ளும். இடுப்பெலும்பு அதைவிட அதிகம்.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்களும் உண்டு. நாடியைக் குறைக்கும் அட்டினலால், மெட்டோப்ரலால் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு நிறைய இரத்தம் போனாலும் நாடி 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம். எப்போதும் 170 இருக்கும் பிபிக்காரருக்கு 115 என்பது தாழ்வு. அவருடைய பழைய ஓபி சீட்டை வாங்கிப் பார்த்தால்தான் அது தெரியும். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும்போது சில பெண்களுக்கு நாடி கூடுவதற்குப் பதில் குறைந்தே இருக்கும். ஆகவே கருத்தரிக்கும் வயதுள்ள ஒரு பெண் வயிற்றுவலி என்றோ, "கண்ணை இருட்டிட்டு வந்து விழுந்துட்டேன்" என்றோ வந்தால், தாலி இருக்கிறதா, மாதவிலக்கு தள்ளிப்போனதா, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்ற பதில்களை நம்பி நிற்காமல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கார்டு டெஸ்ட் போட்டுவிடுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கரு தங்கினால் அது குழாயில் தங்கும் வாய்ப்புதான் கூடுதல்.

தானாக ஏறும் பிபி மெஷின் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கி எண் தராமல் திணறினால், உடனே கையால் ஏற்றும் கருவியை எடுத்துப் பாருங்கள். மெஷின் சரியில்லை என்று அடுத்த மெஷினைத் தேடும் அந்த ஐந்து நிமிடம்தான் பலரை இழக்கும் நேரம்.

"குடிச்சிருக்கான்" என்பது நோயின் பெயர் இல்லை

குழப்பம், கத்தல், ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிதல் மூன்றும் ஆக்ஸிஜன் குறைவதன் அறிகுறிகளாக இருக்கலாம். சாராய வாடை அடிக்கிறது என்பதால் தலையில் அடிபடவில்லை என்றோ சர்க்கரை இறங்கவில்லை என்றோ ஆகிவிடாது. குடிப்பவருக்குத்தான் இரண்டும் அதிகம் வரும். தெளிவில்லாத யாராக இருந்தாலும் முதல் வேலை குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே இருந்து நினைவும் சரியில்லை என்றால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பு வழியாக, 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருந்து உடலில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஒரு நாளுக்கு மேலும் நீளும்.

கத்துபவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு படுத்திருக்கும் பாட்டியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. "வயசானவங்க, தூங்குறாங்க" என்று விட்டுவிடாமல் தட்டி எழுப்பிப் பெயரையும் ஊரையும் கேளுங்கள். நேற்று தானே சமைத்துச் சாப்பிட்டவர் இன்று மகன் பெயரைத் தேடினால் அது புதிய குழப்பம். முதியவர்களுக்குக் கிருமித்தொற்று காய்ச்சலே இல்லாமல் வரும். 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உடல் சில்லிட்டிருந்தால் காய்ச்சலைவிட மோசம்.

நன்றாக இருப்பதுபோல வருபவர்கள்

நம் ஊர் கேஷுவால்டிக்கே உரிய ஒரு கூட்டம் உண்டு. நடந்து வருவார்கள், பேசுவார்கள், எல்லா எண்ணும் சரியாக இருக்கும், ஆனாலும் உடனே பார்க்க வேண்டியவர்களின் சிவப்பு வரிசையில்தான் வைக்க வேண்டும்.

கட்டுவிரியன் கடி அதில் முதல். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். பாம்பைப் பார்த்திருக்க மாட்டார். கடித்த இடமும் தெரியாது, வீக்கமும் இருக்காது. இரைப்பைப் புண் என்று ஊசி போட்டுப் படுக்க வைத்தால் இரண்டு மணி நேரத்தில் மூச்சு நிற்கலாம். விடியற்காலை வயிற்றுவலிக்காரரிடம் எங்கே படுத்தீர்கள் என்று கேளுங்கள். இமையைப் பாருங்கள்: மேலே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னால் இமை மெல்லக் கீழே இறங்கும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி 5 நொடி நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அடுத்து மூச்சுத் தசைகள்தான். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி அந்த எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். அரை மணி கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். முதலில் 35, பிறகு 24, பிறகு 15 என்று இறங்கினால், ஆக்ஸிஜன் இன்னும் 98 என்று மானிட்டர் காட்டினாலும் மூச்சுக்குழாயில் குழாய் போடும் நேரம் வந்துவிட்டது. முழுதும் செயலிழந்த நிலையில் கண்மணி விரிந்து அசையாமல் இருப்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று நினைத்துக் கைவிட்டுவிடக் கூடாது. உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம். வென்டிலேட்டரில் சில நாள் தாங்கினால் எழுந்து நடந்து போவார்கள்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிகளுக்கு 20 நிமிட இரத்த உறைதல் சோதனை. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்து, 20-ஆவது நிமிடத்தில் ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயும் சோப்புத்தூளில் கழுவிய குழாயும், நன்றாக உறையும் இரத்தத்தையே உறையாததுபோலக் காட்டிவிடும். முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

பூச்சிமருந்தில் ஆர்கனோபாஸ்பரஸ் வகையை அடையாளம் காண்பது எளிது: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், வாயில் நுரை, உடலெல்லாம் வேர்வை, நெஞ்சில் கொரகொரப்பு, குறைந்த நாடி. அட்ரோபின் முதல் டோஸ் 1.8-இலிருந்து 3 மில்லிகிராம், அதாவது 0.6 மில்லிகிராம் ஆம்பூலில் 3 முதல் 5. ஐந்து நிமிடத்தில் நெஞ்சு காயாவிட்டால், அதாவது கொரகொரப்பு நிற்காவிட்டால், இருமடங்கு. கண்மணி விரிவதையும் நாடி ஏறுவதையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், நெஞ்சு காய்வதுதான் முக்கியமான இலக்கு. அடையாளம் காண்பது கடினமாவது பிறகுதான். ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள், எல்லாம் சரியாகி வார்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குக் கழுத்துத் தசை தளரும். அங்கேயும் அதே தலை தூக்கும் சோதனைதான், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும்.

அரளி விதை அரைத்துக் குடித்தவர் வாந்தி எடுத்துவிட்டுத் தெளிவாக உட்கார்ந்திருப்பார். அந்த விஷம் இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைத் தடுப்பது. நாடி 50-க்கு இறங்குவதும், இசிஜியில் மின் ஓட்டத் தடை தெரிவதும், பொட்டாசியம் ஏறுவதும் பல மணி நேரம் கழித்துக்கூட நடக்கும். ஒடுவன்தழைச் சாறு குடித்தவருக்கு நேர்மாறாகப் பொட்டாசியம் தரைமட்டத்துக்கு இறங்கும், அமிலம் சேரும், நாட்கள் கழித்தும் இதயம் நிற்கும். எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் முதல் ஒன்றிரண்டு நாள் எதுவுமே காட்டாமல் இருந்துவிட்டுக் கல்லீரலை அழிக்கும். "கொஞ்சூண்டுதான் சாப்பிட்டேன், இப்ப நல்லா இருக்கேன், போறேன்" என்பவரிடம் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைப் படித்த பிறகு பேசுங்கள். பாராகுவாட் (களைக்கொல்லி) என்று எழுதியிருந்தால், ஆக்ஸிஜன் அளவு உண்மையில் குறைந்தாலொழிய ஆக்ஸிஜன் வைக்காதீர்கள். அது நுரையீரலை அந்த மருந்தோடு சேர்ந்து எரிக்கும்.

காய்ச்சலோடு மூச்சு வாங்கி வருபவரை உடையை விலக்கிப் பார்க்காமல் பரிசோதித்து முடிக்காதீர்கள். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக்காய்ச்சல்) நிறைய வரும். அதன் கறுத்த வடு அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்பகத்துக்குக் கீழேயும்தான் ஒளிந்திருக்கும். சிகரெட்டால் சுட்டதுபோல இருக்கும் அந்த ஒரு வடுவைப் பார்த்துவிட்டால் டாக்ஸிசைக்ளினை அன்றே தொடங்கிவிடலாம்.

வாயுப் பிடிப்பு

நெஞ்சுவலியோடு வந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள். தவறுவது "கேஸ் மாதிரி இருக்கு", "வாயுப் பிடிப்பு", "மேல் வயிறு எரியுது" என்று வருபவர்களை. சர்க்கரை நோயாளி, முதியவர், பெண்கள் மூவருக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வேர்த்துக் கொட்டி வாந்தியோடு மட்டும் வரலாம். தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவே எந்தத் தொந்தரவு சொன்னாலும், 30 வயது தாண்டியிருந்தால் வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து, அதை ஒரு மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் இசிஜி நன்றாக இருந்து வேர்வை நிற்கவில்லை என்றால் 15-இலிருந்து 30 நிமிடத்தில் அடுத்தது. இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு தெரிந்தால், நெஞ்சின் வலப்பக்கத்தில் வைத்து எடுக்கும் வி4ஆர் இசிஜியைப் பார்க்காமல் நைட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்காதீர்கள், பிபி விழுந்துவிடும். வலி முதுகைக் கிழிப்பதுபோல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனது என்றால் இரண்டு கையிலும் பிபி பாருங்கள். 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெருந்தமனி கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை இரத்தம் கரைக்கும் ஊசி வேண்டாம். வித்தியாசம் இல்லை என்பதால் கிழியவில்லை என்றும் ஆகாது.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. தொடுவதற்கு முன், அம்மா மடியில் இருக்கும்போதே பாருங்கள்: உங்களைப் பார்க்கிறதா, அழுகையில் பலம் இருக்கிறதா, விலா உள்ளே இழுக்கிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, நிறம் எப்படி. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இதற்குமேல் மூச்சு போனால் வேகம். ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும் குழந்தையை வரிசையில் நிற்க விடாதீர்கள். ஒன்றிலிருந்து பத்து வயதுவரை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வரும் எண்ணுக்குக் கீழே மேல் பிபி போகக் கூடாது. ஆனால் குழந்தைக்கு பிபி இறங்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். ஊசி குத்தும்போது அழாத குழந்தையைப் பார்த்துச் சமத்து என்று சொல்லாதீர்கள், உடனே சிவப்புக்கு எடுங்கள்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கான டேய் (TAEI) திட்டத்தோடு வந்த சிவப்பு, மஞ்சள், பச்சை வரிசை நல்ல ஏற்பாடு. அதில் சிக்கல், ஒருமுறை கட்டிய பட்டை மாறுவதே இல்லை என்பதுதான். மஞ்சளில் இருப்பவரை அரை மணிக்கு ஒருமுறை யார் திரும்பப் பார்ப்பது என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே பெயர் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். நாடி 96, பிறகு 108, பிறகு 118 என்று ஏறுவதைத் தனித்தனிச் சீட்டில் எழுதினால் யாருக்கும் தெரியாது. ஒரே தாளில், நேரத்தோடு, அடுத்தடுத்த வரியில் எழுதினால் பார்த்ததுமே தெரியும். இரத்த லேக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ஏறும் அமிலம்) பார்க்க வசதியிருந்தால் 2-க்கு மேல் கவனம், 4-ஐத் தொட்டால் பிபி எவ்வளவு இருந்தாலும் ஐசியூ. சீனியரிடம் பேசும்போதும் பிபியில் தொடங்காதீர்கள். "மூச்சு 32, கை சில்லுனு இருக்கு, அரை மணி முன்னால தெளிவா பேசினவர் இப்ப குழம்புறாரு, நீங்க வந்து பாக்கணும்" என்று சொன்னால் எவ்வளவு தூக்கத்தில் இருந்தாலும் வருவார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்திலும் ஒருமுறை எல்லா எண்ணையும் திரும்ப எடுங்கள். நாடி 110-க்கு மேல் இருக்கும்போதே காரணம் தெரியாமல் யாரையும் அனுப்பாதீர்கள். மூச்சுத் தொந்தரவோடு வந்தவரை 40 காலடி நடக்க வைத்து ஆக்ஸிஜனைப் பாருங்கள். 3 குறைந்தாலும் படுக்கை கொடுங்கள். அதே தொந்தரவுக்காக இரண்டு மூன்று நாளுக்குள் திரும்பி வந்தவருக்கு, முதல் சீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரைப் படிக்காமல் புதிதாகப் பரிசோதனை செய்யுங்கள். முடித்த பிறகு பழைய சீட்டை எடுத்து, அதில் உள்ள மூச்சையும் நாடியையும் இன்றைய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சீட்டில் மூச்சு 18 என்று இருந்தால், அதை யாராவது எண்ணினார்களா என்றும் கேளுங்கள்.